சுருக்கித் தைத்த சாட்சி

என் அண்ணியைச் சபையில் எல்லாரும் சாட்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் அவளுக்கே மறந்து போயிருக்கும். தொண்டையில் கட்டி வந்து பிழைத்தவள், போன குரல் திரும்பக் கிடைத்தவள், அந்தக் குரலாலேயே எழுந்து நின்று கர்த்தருக்கு நன்றி சொல்கிறவள். யாராவது புதிதாகச் சபைக்கு வந்தால் முதலில் பாஸ்டரைக் காட்டுவார்கள், அடுத்து இவளைக் காட்டுவார்கள்.

எனக்கு அவள் அண்ணனுடைய மனைவி, அதோடு முதலாளியும்கூட. துணி ஆல்டரேஷன் கடை வைத்திருந்தாள். கடை என்று பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு மிஷின், ஓர் அயர்ன் மேஜை, போட்டுப் பார்க்கிறவர்களுக்காக ஒரு மூலையில் திரையும் கண்ணாடியும், அவ்வளவுதான். புதுத்துணி தைக்க மாட்டோம். பேண்டை ஏற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது என்று அடுத்தவர்கள் தைத்ததைச் சரி செய்வதுதான் எங்கள் பிழைப்பு. நான் பிரிப்பேன், அவள் தைப்பாள். "இவ வாயாலேயே பிரிச்சுடுவா, இவளுக்கு எதுக்குப் பிளேடு?" என்று அண்ணன் கிண்டல் செய்வான். அவன் சொல்வதில் தப்பில்லை. மனசில் பட்டதை மூடி வைக்க எனக்குத் தெரியாது.

அண்ணி அப்படியில்லை. எதையும் மடித்து உள்ளே வைக்கிற ஆள். யாராவது நீளத்தைக் குறைக்கச் சொன்னால் உடனே கத்தரிக்கோலை எடுக்க மாட்டாள். முடிந்த மட்டும் துணியை உள்ளே மடித்துத்தான் தைப்பாள். "இன்னைக்குக் குட்டையா வேணும்பாங்க. நாளைக்கு இறக்கி விடுன்னு வந்து நின்னா, வெட்டின துணிக்கு நான் எங்க போவேன்?" என்பாள். அந்தக் கணக்கைத் துணியில் மட்டும் சரியாகப் போட்டாள்.

அவளுக்குக் குரல் போனபோது முதலில் நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடையில் பறக்கிற தூசியால் தொண்டை கட்டியிருக்கும் என்றுதான் நினைத்தோம். பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒருத்தி தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, கட்டி இருக்கிறது, கெட்ட கட்டி, ரேடியேஷன் வைத்தால் கரையும் என்றாள். நெட்டையான பெண்மணி, சிரிக்கவே மாட்டாள், ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வாள். அண்ணனுக்கு லாரி ஓட்டும் வேலை, பாதி நாள் வெளியூரில் இருப்பான். அதனால் கடையைச் சாத்திவிட்டு நான்தான் அவளைத் தினமும் பஸ்ஸில் கூட்டிப் போனேன். போகும்போது பேசாமல் வருவாள். திரும்பும்போது தொண்டை வெந்து, எச்சில் விழுங்க முடியாமல், ஒரு கையில் துண்டும் இன்னொரு கையில் என் மணிக்கட்டுமாக உட்கார்ந்திருப்பாள். அந்தப் பிடியில் என் கை கன்றிப் போகும். ஒருநாள் பஸ்ஸிலேயே என் மடியில் வாந்தி எடுத்துவிட்டு, பேச முடியாமல், கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டாள். சபையும் சும்மா இருக்கவில்லை. உபவாசம் இருந்து அழுது ஜெபித்தார்கள், அதையும் நான் பார்த்தேன். கடைசியில் கட்டி கரைந்தது, குரல் வந்தது. ஜெபமா, மருந்தா என்று அன்றைக்கு நாங்கள் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. "அந்த டாக்டரம்மாவையும் கர்த்தர்தானே அனுப்பினார்?" என்று அண்ணியே சொன்னாள்.

அவள் முதல்முறை சாட்சி சொன்னபோது வெகுநேரம் பேசினாள். அதில் எல்லாமே இருந்தது. டாக்டரம்மா இருந்தாள், ரேடியேஷன் மிஷின் இருந்தது, பஸ் இருந்தது, வாந்தி இருந்தது, நானும் இருந்தேன். பின்வரிசையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்.

எங்கள் சபையில் ஒவ்வொரு ஞாயிறும் சாட்சி நேரம் உண்டு. ஆராதனை இழுத்துக்கொண்டே போனால் குழந்தைகள் அழ ஆரம்பித்துவிடும், பெரியவர்களுக்குப் பசி வந்துவிடும். "அக்கா, கொஞ்சம் சுருக்கமா" என்றார் பாஸ்டர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணியும் சுருக்கினாள். முதலில் மிஷினை எடுத்தாள். அடுத்து வாந்தியை எடுத்தாள், கேட்கிறவர்களுக்கு அருவருப்பாக இருக்குமாம். பிறகு பஸ் போயிற்று, பஸ்ஸோடு நானும் போனேன். கடைசியாக டாக்டரம்மா மட்டும் மிஞ்சியிருந்தாள். ஒரு தடவை பாஸ்டர் அறிமுகம் செய்யும்போது, "டாக்டர்கள் கைவிரித்த நிலையில்" என்று சொல்லிவிட்டார். அண்ணி மறுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் அவள் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்தது. அந்த டாக்டரம்மா கையை விரித்து நான் பார்த்தது கையுறை மாட்டும்போது மட்டும்தான்.

"என்ன அண்ணி, என்னைக் கழட்டி விட்டுட்டீங்களே?" என்று கடையில் கேட்டேன்.

"நேரம் இல்லடி. கேக்குறவங்களுக்கு உற்சாகமா இருக்க வேண்டாமா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

அப்படிச் சுருங்கி நின்ற சாட்சி மூன்றே வாக்கியம்: டாக்டர்கள் கைவிரித்தார்கள், சபை ஜெபித்தது, குரல் வந்தது. கேட்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். பக்கத்துச் சபைகளிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். சாட்சி சொல்லப் போடுவதற்கென்றே வெள்ளையில் ஓர் உடுப்பு தைத்துக்கொண்டாள். சனிக்கிழமை தோறும் அதை அயர்ன் பண்ணுவது என் வேலை. காலரில் ஒரு சுருக்கம் இருந்தால் போதும், திருப்பிக் கொடுப்பாள். வாடிக்கையாளர் துணிக்குக்கூட அவள் அவ்வளவு பார்த்ததில்லை.

டாக்டரம்மா வரச் சொன்ன பரிசோதனைகளுக்குப் போவதையும் நிறுத்தினாள். ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரே பயம். "நான் அங்க போய் நின்னா, என் சாட்சி என்ன ஆகும்?" என்று கேட்டாள். வீட்டில் தனியாக விட்டு வந்த கைக்குழந்தையைப் பற்றிக் கேட்கிற மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தினேன். அவள் மிஷினை வேகமாக ஓட்டினாள்.

கொஞ்ச காலத்தில் குரல் கரகரக்க ஆரம்பித்தது. ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டாள். மிஷின் டிராயரில் நூல் சுற்றிய பாபின்களுக்கு நடுவே தொண்டை மிட்டாய் உறைகள் சேர்ந்துகொண்டே போயின. சாட்சி சொல்வதற்கு முன்னால் வெந்நீரை மடமடவென்று குடித்துவிட்டு எழுந்து நிற்பாள். மைக் இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அந்தக் கரகரப்பை ஏற்கனவே ஒரு தடவை கேட்டவள் நான். அண்ணனிடம் சொன்னேன். அவன் கெஞ்சிப் பார்த்தான், சண்டை போட்டுப் பார்த்தான். "விசுவாசம் இல்லாம பேசாதீங்க" என்ற ஒரே வார்த்தையில் அவன் வாயை அடைத்துவிட்டாள். லாரியில் ஏறிப் போய்விட்டான் பாவம்.

அந்தச் சமயத்தில்தான் பாஸ்டர் வாராவாரம் வீட்டு விக்கிரகங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்ய ஆரம்பித்தார். கல்லிலும் மரத்திலும் செய்ததுதான் விக்கிரகம் என்றில்லை, எதை விட்டால் உயிர் போய்விடும் என்று நினைக்கிறோமோ அதுதான் விக்கிரகம், அதை ஒப்புக்கொடுங்கள் என்றார். நன்றாகத்தான் பேசினார். பீடத்துக்கு முன்னால் அவர் மனைவி துணி அலசுகிற நீல டப்பைக் கொண்டு வந்து வைத்தார்கள். அவரவர் விக்கிரகத்துக்கு அடையாளமாக ஏதாவது ஒன்றை அதில் போட வேண்டும். செல்போன் விழுந்தது, சிகரெட் பாக்கெட் விழுந்தது, முகப்பூச்சு டப்பா விழுந்தது. நான் டிவி ரிமோட்டைப் போட்டேன். செவ்வாய்க்கிழமையே போய்த் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாஸ்டர் மனைவி கேட்டதற்கு, சீரியலுக்காக இல்லை, செய்தி பார்க்க என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

அண்ணி எதையும் போடவில்லை. பாஸ்டரே அவளைப் பார்த்து, "நம்ம சாட்சியக்காகிட்ட போடறதுக்கு என்ன இருக்கு? அவங்க மிச்சம் வைக்காம கொடுத்தவங்க" என்றார். எல்லாரும் அன்பாகச் சிரித்தார்கள். அவளும் தலையைக் குனிந்து சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அவள் கழுத்துத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதிதாகச் சபைக்கு வந்தவர்களில் ஒரு சின்னப் பெண். அவள் கணவன் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். நல்ல உயரம், வாட்டசாட்டமான ஆள், ஆனால் பேச மாட்டான். பேச முடியாது என்று பிறகுதான் தெரிந்தது. அவனுக்கும் தொண்டையில் அதே வியாதி. அந்தப் பெண் அவனுடைய பேண்டுகளை எங்கள் கடைக்குக் கொண்டு வந்தாள், இடுப்பைப் பிடிக்க வேண்டும் என்று. தைத்துக் கொடுத்தோம். கொஞ்ச நாளில் அதே பேண்டுகளோடு திரும்பி வந்தாள், இன்னும் பிடிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை வந்தபோது, நான் பழைய தையலைப் பிரித்துக்கொண்டே அண்ணியைப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டு பாக்கெட்டும் ஒன்றோடொன்று முட்டுகிற அளவுக்கு இடுப்பு சிறுத்திருந்தது. ஒரு மனுஷன் கரைந்துகொண்டிருக்கிறான் என்று சொல்ல எந்த டாக்டரும் வேண்டியதில்லை.

"ஆஸ்பத்திரியில என்ன சொல்றாங்கம்மா?" என்று நான்தான் கேட்டேன்.

"போறதை நிறுத்திட்டோம்க்கா" என்றாள் அந்தப் பெண். முகத்தில் அவ்வளவு வெளிச்சம். "ரேடியேஷன் பாதியில இருந்துச்சு. வேண்டாம்னு சொல்லி நான்தான் கூட்டிட்டு வந்தேன். சாட்சியக்கா சொன்னதைக் கேட்டப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு. அவங்களுக்கு மருந்தா கொடுத்தாங்க? கர்த்தர்தானே கொடுத்தார்."

மிஷின் நின்றது. அண்ணி ஊசிக்குக் கீழே இருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஒரு தடவை அவர்கிட்ட பேசுங்கக்கா. உங்க குரலைக் கேட்டாலே போதும் அவருக்கு."

"ஜெபிக்கிறேம்மா" என்றாள் அண்ணி. பாதி காற்றாகத்தான் வந்தது. அந்தப் பெண் அதையும் பக்தி என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை தாண்டும் வரைகூட நான் பொறுக்கவில்லை. கையில் இருந்த பேண்டை அண்ணியின் மடியில் எறிந்தேன்.

"ஓடிப் போய்ச் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன், ரேடியேஷன் கரண்ட் வச்சாங்க, தொண்டை வெந்துச்சுன்னு சொல்லுங்க."

"சொன்னா சபை என்ன ஆகும்? எத்தனை பேரு இதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க தெரியுமா உனக்கு?"

"சபை என்ன ஆகும்னு கேக்குறீங்களா, நீங்க என்ன ஆவீங்கன்னு கேக்குறீங்களா?"

அவள் கழுத்துத் துண்டை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டாள். துண்டு விலகினதும் கழுத்தின் பக்கத்தில் புடைப்பு தெரிந்தது. இவ்வளவு நாள் அதைத்தான் மூடி வைத்திருந்தாளா என்று எனக்குக் கோபமெல்லாம் வடிந்து பயம் வந்துவிட்டது.

"அது இல்லன்னா நான் யாருடி?" என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டாள். "பேண்டு ஏத்துறவ. அவ்வளவுதானே? அதுக்கு முன்னாடி என்னை எவன் திரும்பிப் பார்த்தான்?"

எனக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பேண்டை எடுத்து மறுபடியும் பிரிக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது என்று புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம் வந்தது. வழக்கம்போல பாஸ்டர் சிரித்த முகத்தோடு அவளைக் கூப்பிட்டார். அவள் எழுந்தபோதுதான் கவனித்தேன், கடைக்குப் போடுகிற உடுப்பில் வந்திருந்தாள். தோளில் நூல்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. நான் முந்தின நாள் அயர்ன் பண்ணி வைத்த வெள்ளை உடுப்பு மடிப்புக் கலையாமல் அவள் கையில் இருந்தது. நேராகப் போய் அதை நீல டப்பில் வைத்தாள். அங்கங்கே ஸ்தோத்திரம் என்று குரல்கள் எழுந்தன. அக்கா அலங்காரத்தைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்துவிட்டார்கள்.

வெந்நீர் குடிக்காமல்தான் மைக்கைப் பிடித்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் குழந்தைகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

"நான் இத்தனை காலம் சொன்ன சாட்சி முழுசு இல்ல" என்று ஆரம்பித்தாள். "டாக்டர் கைவிரிக்கல. அந்தம்மா வரச் சொன்னாங்க, நான்தான் போறதை நிறுத்திட்டேன். எனக்கு ரேடியேஷன் வச்சாங்க. தொண்டை வெந்து தண்ணி இறங்கல. நீங்க ஜெபிச்சதும் நிஜம், மிஷினும் நிஜம். ரெண்டையும் கர்த்தர்தான் கொடுத்தார். நான் ஒண்ணை மறைச்சேன்."

பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கி வாங்கி, முதல்முறை சொன்னது போலவே எல்லாவற்றையும் சொன்னாள். மடித்து வைத்த துணி அத்தனையையும் இறக்கி விட்டாள். பஸ்ஸைச் சொன்னாள், வாந்தியைச் சொன்னாள். "என் நாத்தனார் தினமும் என்னைக் கூட்டிட்டுப் போனா. நான் பிடிச்ச பிடியில அவ கை கன்னிப் போச்சு. ஒரு நாள்கூட கையை உதறினது இல்ல. அவளையும் இதுல இருந்து எடுத்துட்டேன்." நான் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தால் சத்தம் போட்டு அழுதுவிடுவேன் என்று தெரியும்.

"இந்தச் சாட்சியைத்தான் நான் கும்பிட்டேன். கர்த்தரை இல்ல. கட்டி திரும்ப வந்துடுச்சு. வந்து ரொம்ப நாளாச்சு. சொன்னா இந்தச் சாட்சி எங்க உடைஞ்சு போயிடுமோன்னு யார்கிட்டயும் சொல்லல." பிறகு பெயிண்டரும் மனைவியும் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினாள். "தங்கச்சி, நாளைக்குக் காலையில அவரைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நானும் வரேன். என்னைக் கேட்டு நிறுத்தினீங்க. நான் சொல்றதைக் கேட்டே திரும்பவும் போங்க."

சாட்சி முடிந்ததும் கீபோர்டு வாசிக்கிறவர் ஒரு ராகத்தை எடுப்பது வழக்கம். பழக்க தோஷத்தில் கையை வைத்துவிட்டு, சட்டென்று எடுத்துக்கொண்டார். அல்லேலூயா என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அண்ணி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்ததும் ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. அந்தப் பெண் மட்டும் வந்தாள். முகத்தில் இருந்த வெளிச்சம் எல்லாம் போயிருந்தது.

"ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை, கத்தவில்லை. "நான் கடைக்கு வந்தேனே. அத்தனை தடவை வந்தேனே."



மறுநாள் நான்கு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள், நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். அதே டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டினால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும் போல அண்ணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல்வளையை மொத்தமாக எடுத்தால்தான் உயிர் தங்கும், எடுத்த பிறகு பேச்சு வராது என்றாள் டாக்டரம்மா. அண்ணி உடனே சரி என்றாள். பெயிண்டருக்கு அந்த வழியும் அடைத்திருந்தது. விட்டுப்போன நாட்களில் கட்டி நெஞ்சு வரை போய்விட்டது.

ஆபரேஷன் அன்று காலை, தள்ளுவண்டியில் படுத்தபடி அண்ணி கையைக் காட்டி என்னைக் கிட்டே கூப்பிட்டாள். அண்ணனும் குனிந்தான். கடைசியாகப் பேசப் போகிறாள், என்னவோ சொல்லப் போகிறாள் என்று நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "அந்த நீலப் பேண்டுக்கு ஜிப் இன்னும் மாத்தலடி" என்றாள். அவள் குரலை நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

மழைக்காலம் முடிவதற்குள் பெயிண்டர் இறந்துபோனான். அடக்கத்துக்குப் போனோம். எங்கள் கடையில் இடுப்பைப் பிடித்த பேண்டைத்தான் அவனுக்குப் போட்டிருந்தார்கள், அதுவும் தொளதொளவென்று இருந்தது. அண்ணி அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் நின்று உதட்டை அசைத்தாள். மூச்சு விடுவதற்காக ஆபரேஷனில் கழுத்தில் வைத்த துளையை மூடியிருந்த துணி உள்ளே போய் வெளியே வந்ததே தவிர, சத்தம் வரவில்லை. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கக்கூட முடியாத ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

சபையில் கொஞ்ச காலம் அண்ணியை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு அதுவும் மாறியது. ஒருநாள் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி அந்த வெள்ளை உடுப்பைத் துவைத்து, மடித்து, பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். "அக்கா, குரலையே கர்த்தருக்குக் கொடுத்துட்டாங்க. இதைவிடப் பெரிய சாட்சி உண்டா? ஜனங்க கேக்கணும். நீங்க பேசுங்க, அக்கா பக்கத்துல நின்னா போதும்" என்றார் என்னிடம். அவர் கண் கலங்கித்தான் இருந்தது. எனக்கும் ஒரு நிமிஷம் நல்லதாகத்தான் பட்டது. அண்ணி பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு வந்தது. கடை உடுப்பில்தான் வந்தாள். சாட்சி நேரத்தில் பாஸ்டர் எங்களைக் கூப்பிட்டார். புதுச் சாட்சி என்றதும் ஜனங்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் எழுந்தேன். அண்ணியும் எழுந்தாள். பீடத்தைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. பிறகு என் கையைப் பிடித்து அழுத்தி என்னை உட்கார வைத்துவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே இருந்த வழியில் இறங்கி அந்தப் பக்கம் நடந்தாள்.

ஜன்னலோர வரிசையில் பெயிண்டரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்து நாற்காலி அவன் போனதிலிருந்து காலியாகவே கிடந்தது, யாரும் அதில் உட்காருவதில்லை. அண்ணி போய் அதில் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். கழுத்துத் துணி மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.